பெட்டிமேல் எழுதிய எடையும் தராசு காட்டிய எடையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில், வெளிநாட்டில் பண்ணை வைத்திருக்கும் தமிழர்களைப் பற்றிய பக்கத்தில், இரவு வேட்டைத் துப்பாக்கிக்கு ஸ்கோப் (குறிபார்க்க மேலே பொருத்தும் தொலைநோக்கி) வாங்குவது எப்படி என்று ஒரு பெட்டிச் செய்தி வந்திருந்தது. இருப்பதிலேயே எடை குறைந்ததாகப் பாருங்கள், பதினாறு மடங்கு பெரிதாக்கிக் காட்டுவதாகப் பாருங்கள் என்பது அதன் சாரம். சுவருக்குப் பின்னால் நிற்கும் விலங்கைக்கூட அது காட்டிவிடும் என்றும் எழுதியிருந்தது. முதல் இரண்டையும் நம்பிப் பணத்தைக் கொட்டியவன் நான். மூன்றாவதை நம்பும் அளவுக்கு அப்பாவி இல்லை.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சொந்த ஊர் ஆண்டிபட்டிக்குத் தெற்கே, வருசநாட்டு மலை கண்ணில் படும் ஒரு கிராமம். ஹூஸ்டனில் முப்பது ஆண்டு வரைபடம் போட்டுப் பிழைத்துவிட்டு, இப்போது அதே டெக்சாஸ் மாநிலத்தில் நவசோட்டா ஊருக்குப் பக்கத்தில் 42 ஏக்கரில் பெர்முடா புல் வளர்த்து வைக்கோல் கட்டு விற்கிறேன். வயது 63. இடது தோளில் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. நிலத்தின் கிழக்கு எல்லையைத் தாண்டிப் போனால் பிராசோஸ் ஆற்றுப் படுகை. அங்கிருந்துதான் பன்றிகள் வருகின்றன.

இந்தப் பன்றிகள் இந்த மண்ணுக்கு உரியவை அல்ல. ஸ்பானியர்கள் கொண்டுவந்து விட்ட வீட்டுப் பன்றிகள் காடேறின. 1930களில் சிலர் வேட்டை விளையாட்டுக்காக ஐரோப்பியக் காட்டுப்பன்றிகளையும் அவிழ்த்துவிட, இரண்டும் கலந்துவிட்டன. டெக்சாஸில் மட்டும் 25 லட்சத்துக்கு மேல் இருக்கும் என்பது பல்கலைக்கழகத்தாரின் மதிப்பீடு. ஒரே இரவில் இருபது பன்றிகள் புல்வெளியில் இறங்கினால், காலையில் யாரோ ஏர் ஓட்டிப் பாதியில் விட்டுவிட்டுப் போனது போல இருக்கும். அந்தக் குழிகளில் புல் வெட்டும் இயந்திரம் இறங்கி ஏறும்போது கேட்கும் சத்தம் என் பர்ஸிலிருந்து வருவது. நில உரிமையாளரின் சம்மதம் இருந்தால் தனியார் நிலத்தில் பன்றி சுட வேட்டை உரிமம்கூட வேண்டாம் என்று 2019இல் இங்கே சட்டம் திருத்தினார்கள். இரவிலும் சுடலாம். அதே இரவில் மானைச் சுட்டால் வழக்கு. எனவே இருட்டில் எதிரே நிற்பது எது என்று தெரிவது இங்கே சட்டப் பிரச்சினையும்கூட.

இப்போது எடைக்கு வருகிறேன்.

என் ரைபிள் .308 தோட்டா போடும் ரகம், மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவு. தோளை நினைத்து, முதலில் நான் வாங்கியது கடையில் இருந்ததிலேயே எடை குறைந்த தெர்மல் ஸ்கோப், அதாவது வெப்பத்தைப் படமாகக் காட்டும் ரகம். பெட்டியின்மேல் 390 கிராம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து, என் மனைவி கேக்குக்கு மாவு நிறுக்கும் தராசில் வைத்தேன். பேட்டரி போட்டதும் 437. துப்பாக்கியில் பொருத்தும் பிடிப்பானைச் சேர்த்ததும் 640. பெட்டியில் எழுதிய எடையில் பேட்டரியும் இல்லை, பிடிப்பானும் இல்லை. பெண் பார்க்க வரும்போது சொன்ன சம்பளம் போலத்தான், பிடித்தங்களைக் கேட்டால்தான் நிலவரம் தெரியும். ஸ்கோப் வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் பேட்டரியும் பிடிப்பானும் மாட்டித் தராசில் வைக்கச் சொல்லுங்கள். சிரித்தால் சிரிக்கட்டும்.

அந்த 640 கிராமும் துப்பாக்கியின் வயிற்றில் இல்லை, தலையில் இருக்கிறது. குழலுக்கு மேலே ஏறி உட்காரும் எடை அது. நின்றுகொண்டு கையில் ஏந்திச் சுடுகிறவருக்கு ஒவ்வொரு கிராமும் துப்பாக்கியைப் பக்கவாட்டில் சாய்க்கும். முக்காலியில் தாங்கிச் சுடுகிறவருக்குச் சுடும் நேரத்தில் அது பெரிதாகத் தெரியாது, நடக்கும்போதுதான் தெரியும். தங்கள் கட்டுரையாளர் ‘நீங்கள் எவ்வளவு தூரம் நடப்பீர்கள்’ என்று ஒரு கேள்வி கேட்டிருந்தாலே பாதி வேலை முடிந்திருக்கும். வண்டியிலிருந்து இறங்கி இருபது அடி நடந்து பரணில் ஏறி உட்காருபவருக்கு எடை குறைந்த ஸ்கோப் எதற்கு?

எடை குறைவதற்கு ஒரு விலை உண்டு. அதை நான் இரத்தமாகவே கொடுத்தேன். துப்பாக்கி எவ்வளவு இலேசோ அவ்வளவு பலமாகப் பின்னால் உதைக்கும். அதோடு, சாதாரணப் பகல் ஸ்கோப்பில் கண்ணுக்கும் கண்ணாடிக்கும் இடையே நாலு விரற்கடைக்குக் குறையாத இடைவெளி விட்டுப் பார்க்கலாம். இரவு ஸ்கோப்புகள் பலவற்றில் ஐந்து சென்டிமீட்டர்தான். இருட்டில் ஒளிரும் சின்னத் திரையைப் பார்க்கப் பார்க்க நம்மை அறியாமல் கழுத்து முன்னால் போய்க்கொண்டே இருக்கும், தொலைக்காட்சிக்கு அருகில் நகரும் குழந்தை போல. விசையை இழுத்தேன். ஸ்கோப்பின் விளிம்பு வலது புருவத்தில் வந்து இறங்கியது. நான்கு தையல். பிறை வடிவத் தழும்பு இன்றும் இருக்கிறது. சுட்ட பன்றி போய்விட்டது.

இரண்டாவது சம்பவம் இதைவிட அவமானம்.

தெர்மல் ஸ்கோப் ஒளியைப் பார்ப்பதில்லை. பொருள்கள் விடும் வெப்பக் கதிரைப் பார்க்கிறது. அந்தக் கதிர் சாதாரணக் கண்ணாடி வழியாகப் போகாது. அதனால் லென்ஸை ஜெர்மானியம் என்ற தனிமத்தில் செய்கிறார்கள். நம் கண்ணுக்கு அது ஊடுருவித் தெரியாத உலோகத் தகடு போலத்தான் இருக்கும். சுவருக்குப் பின்னால் தெரியும் என்று எழுதிய அன்பர் ஒருநாள் வண்டியின் ஜன்னலை ஏற்றிவைத்துக்கொண்டு அதன் வழியாகப் பார்க்கட்டும். வெளியே நிற்கும் மாடு தெரியாது. மங்கலாக, பேய் போல, அவருடைய முகமே தெரியும். சுவர் இருக்கட்டும், ஜன்னல் கண்ணாடியையே தாண்டாத கருவி இது.

ஜெர்மானியம் கண்ணாடியைப் போல இரண்டு மடங்கு கனம், விலையும் அதிகம். ஆகவே ஸ்கோப்பை இலேசாக்க வேண்டுமென்றால் தயாரிப்பாளருக்கு முதலில் தோன்றும் வழி லென்ஸைச் சின்னதாக்குவது. என்னுடையதில் 25 மில்லிமீட்டர் குவியத் தூரமுள்ள லென்ஸ். உள்ளே வெப்பத்தை உணரும் சில்லான சென்சாரில் குறுக்கே 384 புள்ளிகள், ஒவ்வொரு புள்ளியும் 12 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). வரைபடம் போட்ட கை சும்மா இருக்குமா, கணக்குப் போட்டேன். நூறு மீட்டரில் ஒரு புள்ளி ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டரை அடைத்துக்கொள்கிறது. நூற்றறுபது மீட்டரில் எட்டு சென்டிமீட்டர். அந்தத் தூரத்தில் ஒரு பன்றியின் உடம்பு என்பது எட்டுப் புள்ளி உயரம்கூட வராத ஒரு வெள்ளைக் கட்டி. காது எங்கே, வால் எங்கே என்றெல்லாம் கேட்கக்கூடாது. பதினாறு மடங்கு பெரிதாக்கினால் அதே கட்டி பெரிய சதுரங்களாகத் தெரியும். மோரில் தண்ணீர் ஊற்றிப் பெருக்குவதுதான் அது. கூடப் பத்துப் பேருக்குக் கொடுக்கலாம், வெண்ணெய் அதிகமாகாது.

இந்தக் கணக்கை நான் போட்டது சம்பவத்துக்குப் பிறகு என்பதுதான் சோகம். அன்று இரவு பதினொரு மணி. வேலிக்கு அப்பால் பக்கத்துப் பண்ணை. பன்றி சுட்டுக்கொள்ள அந்தப் பண்ணைக்காரர் எப்போதோ சம்மதம் கொடுத்திருந்தார். நூற்றறுபது மீட்டரில் ஒரு வெள்ளைக் கட்டி, தரையோடு தரையாக, படுத்திருக்கும் பன்றி அளவுக்கு. பின்னால் மண்மேடு இருப்பது பகலில் பார்த்துத் தெரியும். ஐந்து நிமிடம் பார்த்தேன். அசையவில்லை. தூங்குகிறது என்று முடிவு கட்டினேன். எட்டு மடங்கு பெரிதாக்கினேன், அதற்கு மூக்குகூட இருப்பதாக எனக்குத் தோன்றியது. சுட்டேன். அது அப்போதும் அசையவில்லை. ஒரே தோட்டாவில் விழுந்தது என்று பெருமையோடு வீட்டுக்கு வந்து தூங்கினேன்.

காலையில் பண்ணைக்காரர் என் கேட்டருகே ஒரு பொருளை இறக்கி வைத்துக்கொண்டு நின்றார். மாடுகள் நக்குவதற்காகக் கரும்புப் பாகும் தாதுஉப்பும் சேர்த்து இறுக்கி வைத்திருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி. நடுவில் கச்சிதமாக ஒரு ஓட்டை. அதிலிருந்து பாகு வழிந்து எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது. பகல் முழுக்க வெயிலைக் குடித்த அந்த நூறு கிலோப் பாகு நடு இரவு வரை சூட்டை விடாமல் வைத்திருந்திருக்கிறது. “இதுவரை நீ சுட்டதில் ஓடாமல் நின்றது இது ஒன்றுதான்” என்றார். புதுத் தொட்டிக்குப் பணம் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். அவருடைய மாடுகள் அந்த மாதம் கன்று போட்டுக்கொண்டிருந்தன. புதிதாகப் பிறந்த கன்றும் தரையோடு தரையாக, அசையாமல், அந்த அளவில்தான் படுத்திருக்கும். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை.

அதற்குப் பிறகு எதிர்ப்பக்கம் ஓடினேன். 50 மில்லிமீட்டர் லென்ஸ் வைத்த பெரிய ஸ்கோப். தராசில் எல்லாம் சேர்த்து 1,130 கிராம். படம் தெளிவாக இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அதே சென்சாரில் லென்ஸின் குவியத் தூரம் கூடினால் பார்வை ஒடுங்கும். எண்பது மீட்டரில் குறுக்கே ஏழு மீட்டர் சொச்சம்தான் தெரியும். முதல் பன்றி ஓடத் தொடங்கியதும் மற்றவை எந்தப் பக்கம் போயின என்று தெரியாமல் சாவித் துவாரத்தில் திருவிழா பார்ப்பவன் போலத் துப்பாக்கியை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டிருப்பேன். சென்சார் தன்னைத் தானே சரிசெய்துகொள்ள அவ்வப்போது உள்ளே ‘டிக்’ என்று ஒரு சின்ன மூடி விழுந்து எழும். அந்த ஒரு கணம் படம் உறைந்து நிற்கும். அது நான் விசையில் விரல் வைக்கும் நேரமாகப் பார்த்து விழும் என்பது என் ஜாதகம். (இதைக் கையால் இயக்கும் முறைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பதை விற்கும்போதுதான் கண்டுபிடித்தேன்.) இரண்டு மணி நேரம் சுமந்தால் மறுநாள் இடது கையால் காப்பித் தம்ளரைத் தூக்க முடியவில்லை. எட்டு மாதத்தில் விற்றுவிட்டேன்.

குறுக்கே 640 புள்ளி உள்ள சென்சார் வாங்க வசதி இருப்பவர்களோடு எனக்கு வாதம் இல்லை. 35 மில்லிமீட்டர் லென்ஸில் நூறு மீட்டரில் ஒரு புள்ளி மூன்றரை சென்டிமீட்டர், பார்வையும் இருபத்திரண்டு மீட்டர் அகலம், எடையும் தாங்கக்கூடியது. விலைதான் என் வைக்கோல் கட்டுகளுக்கு எட்டவில்லை.

இப்போது நான் செய்திருக்கும் ஏற்பாட்டைச் சொன்னால் இங்கே என்னோடு வேட்டைக்கு வருகிற இளைஞர்கள் சிரிக்கிறார்கள். தெர்மல் கருவியைத் துப்பாக்கியிலிருந்து இறக்கிவிட்டேன். 300 கிராம் எடையில் ஒற்றைக் கண்ணால் பார்க்கும் சின்னத் தெர்மல் ஒன்று கழுத்தில் தொங்குகிறது. வயலைத் துழாவுவது, எண்ணுவது, பின்தொடர்வது எல்லாம் அதில்தான். துப்பாக்கியின்மேல் இருப்பது டிஜிட்டல் இரவு ஸ்கோப். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்கை அடித்து, திரும்பி வரும் ஒளியைப் படமாக்குவது. சாதாரணக் கண்ணாடி லென்ஸ், அதனால் கனமும் விலையும் குறைவு. விளக்கு, பேட்டரி, பிடிப்பான் உட்பட மாவுத் தராசில் 715 கிராம். முதல் ஸ்கோப்பைவிட 75 கிராம் கூடுதல்தான்.

பழைய தொழில்நுட்பம் என்று கேலி செய்கிறவர்களுக்கு என் பதில் என் ஐயாவிடமிருந்து வந்தது. நிலக்கடலை முற்றும் பருவத்தில் ஐயா பரணில் காவலுக்குப் படுப்பார். நான்கு கட்டை எவரெடி டார்ச், ஒரு தகர டப்பா, ஒரு கம்பு, அவ்வளவுதான் ஆயுதம். எட்டு வயதில் ஒருமுறை நானும் கூடப் படுத்தேன். டார்ச் அடித்தபோது ஓரத்தில் இரண்டு பச்சைப் பொட்டு மின்னின. “அது நரி, விடு” என்றார். கொஞ்ச நேரம் கழித்துக் கடலைக் கொடி மொடமொடவென்று நொறுங்கும் சத்தம். டார்ச் அடித்தார். ஒன்றுமே மின்னவில்லை. கறுப்பாக ஏதோ நின்றது, அவ்வளவுதான். “கண் மின்னாமல் நிற்கிறது பார், அதுதான் பன்றி” என்று சொல்லிவிட்டுத் தகர டப்பாவை அடிக்கத் தொடங்கினார்.

பல ஆண்டு கழித்து, ஓட்டை விழுந்த பாகுத் தொட்டி தந்த சூட்டில் படித்துப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. மாடு, மான், நாய், நரி இவற்றின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. பன்றிக்கு அது கிடையாது. அகச்சிவப்பு விளக்கு அடித்தால் கன்றுக்குட்டியின் கண் திரையில் இரண்டு விளக்காக எரியும். மானும் அப்படியே. பன்றி மங்கலாக நிற்கும். தெர்மல் திரையில் இந்த வேறுபாடு தெரியவே தெரியாது, அங்கே எல்லாக் கண்ணும் சூடு மட்டும்தான். ஆனால் கண் மின்னாததை மட்டும் நம்பிச் சுடக்கூடாது. தலை திரும்பியிருந்தால் எந்தக் கண்ணும் மின்னாது. உருவம், நடை, மூக்கால் மண்ணைக் கிளறும் விதம் எல்லாம் சேர்ந்து வர வேண்டும். ஆனால் இரண்டு விளக்கு எரிந்துவிட்டால் விசையிலிருந்து விரலை எடுத்துவிடுவேன், அங்கே மறுபேச்சு இல்லை.

இன்னொரு லாபம், இத்தனை நாள் யோசிக்காதது. தெர்மல் துப்பாக்கியின்மேலேயே இருந்தபோது, ‘அங்கே என்ன’ என்று பார்ப்பதற்காகவே குண்டு ஏற்றிய துப்பாக்கியை வயல் முழுக்க நீட்டிக்கொண்டிருந்தேன். பண்ணைக்காரர் வீட்டு விளக்கு எரியும் திசை உட்பட. .308 தோட்டா மூன்று கிலோமீட்டரைத் தாண்டியும் போகும். இப்போது பார்ப்பது கழுத்தில், சுடுவது தோளில்.

குறைகளும் உண்டு. ஆற்றுப் படுகையில் பனிமூட்டம் இறங்கினால் அகச்சிவப்பு விளக்கு மூட்டத்தில் பட்டு முகத்திலேயே திரும்பி அடிக்கும், வெள்ளைத் திரைதான் தெரியும். உயரமான புல் இருந்தாலும் அப்படியே. அந்த இரவுகளில் வீட்டில் இருந்துவிடுகிறேன். விளக்கில், ஒளியின் அலைநீளத்தைப் பொறுத்து, 850 நானோமீட்டர், 940 நானோமீட்டர் என்று இரண்டு ரகம் கிடைக்கும். 850இல் விளக்கின் முகத்தில் மங்கிய சிவப்புப் பொட்டு தெரியும், தூரம் கூடுதல். 940இல் பொட்டு தெரியாது, தூரம் குறையும். நான் நூறு மீட்டருக்கு மேல் சுடுவதில்லை என்று வைத்துக்கொண்டதால் எது கிடைத்தாலும் சரி. எனக்குத் தோன்றுவது இதுதான்: எடை குறைந்த ஸ்கோப்பைத் தாராளமாக வாங்கலாம், அது எந்தத் தூரம் வரை ‘இது இன்னது’ என்று சொல்கிறதோ அந்தத் தூரத்தோடு நாம் நின்றுகொள்ள வேண்டும். எடையைக் குறைத்துவிட்டுத் தூரத்தைக் குறைக்க மனம் வராதவர்கள் பாகுத் தொட்டிக்குப் பணம் எடுத்து வைத்துக்கொள்ளட்டும்.

இத்தனையும் எழுதிவிட்டு ஒன்றை மறைத்தால் நியாயமில்லை. துப்பாக்கியால் இந்தப் பன்றிகள் குறைவதில்லை. இரண்டைச் சுட்டால் மீதி பதினெட்டும் பக்கத்து நிலத்துக்குப் போகும், பத்து நாளில் திரும்பி வரும். கூட்டத்தோடு அடைக்கும் கம்பிப் பட்டிதான் உருப்படியான வழி. நானும் பண்ணைக்காரரும் சேர்ந்து ஒன்று போட்டிருக்கிறோம். துப்பாக்கி அதில் சிக்காமல் தப்பும் தந்திரசாலிகளுக்கு.

தங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு ஊரிலிருந்து என் மைத்துனர் மகன் அழைத்தான். “மாமா, அடுத்த முறை வரும்போது அந்த ஸ்கோப்பில் ஒன்று கொண்டுவாருங்கள், கடலையை எல்லாம் பன்றி தின்கிறது.” இதே எண்ணம் தங்கள் வாசகர்கள் பலருக்கும் வந்திருக்கும். இந்தக் கருவிகளை உரிமம் இல்லாமல் அமெரிக்காவை விட்டு வெளியே கொண்டுபோவது குற்றம். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி விவசாயி தானாகப் பன்றியைச் சுட முடியாது. தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் அரசு அறிவித்ததுகூட, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்பதுதான். இதைச் சொன்னதும், “அப்படியானால் அவுட்டுக்காய்தானா மாமா?” என்றான். போனிலேயே திட்டினேன். அந்த வெடியைக் கடித்து யானை வாய் கிழிந்து சாகிற நாட்டில் பிறந்துவிட்டு இப்படிக் கேட்கலாமா? சேத விவரத்தைப் படம் எடுத்து வனச்சரக அலுவலகத்தில் மனுக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். கொடுத்தானா என்று தெரியவில்லை.

சுவருக்குப் பின்னால் தெரியும் என்ற வரிக்கு மட்டுமாவது அடுத்த ஞாயிறு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். எடையைப் பற்றி எழுதும்போது ‘பேட்டரி, பிடிப்பான் நீங்கலாக’ என்று அடைப்புக்குறியில் சேர்த்துவிடுங்கள்.

கடிதத்தை வெளியிட்டால் என் பெயர் வேண்டாம். புருவத்துத் தழும்பு குளியலறையில் வழுக்கி விழுந்ததால் வந்தது என்றுதான் ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். அக்கா தங்கள் நாளிதழை ஒரு வரி விடாமல் படிப்பவர்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
நவசோட்டா, டெக்சாஸ்